டெவலப்மென்ட் மெஷினில் கட்டிய பைனரியைப் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி இதுதான்: சி++ இல் எழுதிய ஒரு சர்வர் புரோகிராம். புரொடக்‌ஷனில் (பயனர்களுக்காக நிஜமாக ஓடும் இடம்) நான்கு ரெட்ஹாட் 8 லினக்ஸ் மெஷின்கள். டெவலப்பர்கள் உபுண்டு 18.04 வைத்திருந்த காலத்தில், கம்பைல் செய்த பைனரியை (மெஷின் நேரடியாக ஓட்டும் ஃபைல்) எஸ்சிபி கமாண்ட் மூலம் நெட்வொர்க் வழியே காப்பி செய்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், ஓடியது. உபுண்டு 22.04க்கு மாறிய நாளிலிருந்து ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. பேசாமல் புரொடக்‌ஷன் மெஷின்களிலேயே ஜிசிசி கம்பைலரை நிறுவி அங்கேயே கம்பைல் செய்துவிடலாமா?

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நான்கு மெஷின்களில் நான்கு முறை கம்பைல் செய்தால் கையில் இருப்பவை நான்கு வேறு பைனரிகள். ஒன்றில் ஏதோ ஒரு லைப்ரரி போன மாதம் அப்டேட் ஆகியிருக்கும், இன்னொன்றில் ஆகியிருக்காது. மூன்றாவதில் எப்போதோ யாரோ அவசரத்துக்கு ஒரு ஹெடர் ஃபைலைத் திருத்தி அப்படியே விட்டிருப்பார்கள். டெஸ்டிங்கில் ஓட்டிப் பார்த்தது இந்த நான்கில் எதுவும் இல்லை. ஒரே முறை கட்டுங்கள், கட்டியதைச் சோதியுங்கள், சோதித்த அதே ஃபைல் ஒரு பைட் கூட மாறாமல் நான்கு மெஷின்களுக்கும் போகட்டும். கீழே சொல்வதெல்லாம் இதைச் செய்ய விடாமல் குறுக்கே வரும் விஷயங்களைப் பற்றித்தான்.

ஆனாலும் அந்த யோசனையில் பாதி சரி. புரொடக்‌ஷனில் உள்ள சூழலில்தான் கம்பைல் செய்ய வேண்டும். அதற்குப் புரொடக்‌ஷன் மெஷினே வேண்டும் என்பதில்லை.

ஏன் நின்றது என்று பார்ப்போம். லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியை நம்பித்தான் ஓடுகின்றன. அதிலுள்ள ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு எண்கள் உண்டு. ஒரு ஃபங்ஷனின் நடத்தை மாறினால் பழையதைத் தூக்கி எறிவதில்லை. பழைய வடிவம் பழைய எண்ணோடும், புதிய வடிவம் புதிய எண்ணோடும் ஒரே லைப்ரரிக்குள் இருக்கும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் மெமரியைக் காப்பி செய்யும் ‘மெம்காப்பி’ ஃபங்ஷனுக்கு 2.14ஆம் பதிப்பில் இப்படி ஒரு புது வடிவம் வந்தது. அதற்கு முன் கட்டிய பைனரிகளுக்கு இன்றும் பழைய மெம்காப்பிதான் கிடைக்கும். ஆனால் புதிதாக லிங்க் செய்யும்போது (புரோகிராமை லைப்ரரிகளோடு இணைக்கும்போது), கட்டும் மெஷினில் இருப்பதிலேயே புதிய வடிவத்தின் எண் பைனரிக்குள் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் பழைய சிஸ்டத்தில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது.

எண்களைப் பார்த்தால் உங்கள் கதை தெளிவாகிவிடும். உபுண்டு 18.04இல் இருப்பது ஜிலிப்சி 2.27, ரெட்ஹாட் 8இல் 2.28. ஒரே ஒரு படி வித்தியாசம், அதுவும் உங்களுக்குச் சாதகமான பக்கம். இத்தனை நாள் ஓடியதற்கு அதுதான் காரணம், உங்கள் முறை சரியாக இருந்தது என்பதல்ல. உபுண்டு 22.04இல் இருப்பதோ 2.35. இடையில் 2021 ஆகஸ்டில் வந்த 2.34 கொஞ்சம் தனி ரகம். திரெட்களுக்கான (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்), அதுவரை தனி லைப்ரரியாக இருந்த பிதிரெட் அதில்தான் ஜிலிப்சிக்குள்ளேயே சேர்ந்தது. மெயின் ஃபங்ஷனை அழைத்து ஓட்டிவைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கும் புது எண் வந்தது. விளைவு, 22.04இல் சாதாரணமாகக் கட்டினால், உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் மெயின் கூட ரெட்ஹாட் 8இல் ஓடாது. உங்கள் கோடில் என்ன தப்பு என்று தேட வேண்டாம்.

ஜிலிப்சியைச் சரிசெய்தாலும் அடுத்த கதவு மூடியிருக்கும். 22.04இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியின் 3ஆம் பதிப்பு, ரெட்ஹாட் 8இல் 1.1.1. ஃபைல் பெயரே வேறு. சி++ லைப்ரரியும் அப்படித்தான், ரெட்ஹாட் 8இல் இருப்பது ஜிசிசி 8 காலத்தையது.

ஆகவே செய்ய வேண்டியது: ஆல்மாலினக்ஸ் 8 அல்லது ராக்கி லினக்ஸ் 8 கண்டெய்னரை (ஒரு சிஸ்டத்தின் ஃபைல்களைத் தனியாக அடைத்த சூழல்) எடுத்து, அதற்குள் கம்பைல் செய்யுங்கள். இரண்டும் ரெட்ஹாட் 8ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை, ஜிலிப்சி அதே 2.28. டெவலப்பர்கள் உபுண்டுவிலேயே வேலை செய்யட்டும், அவர்கள் தங்களுக்காகக் கட்டுவது அவர்கள் மெஷினோடு நிற்கட்டும். புரொடக்‌ஷனுக்குப் போகும் பில்டு மட்டும் இந்தக் கண்டெய்னரில், ஒரு பில்டு சர்வரில், கிட்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட கமிட்டிலிருந்து (எண்ணோடு பதிவான சோர்ஸ் நிலை) வர வேண்டும். யாருடைய லேப்டாப்பிலிருந்தும் வரக் கூடாது. ‘ஜிசிசி 8 பழசாயிற்றே, சி++20 வேண்டுமே’ என்று கேட்பீர்கள். ரெட்ஹாட் 8க்கு ‘ஜிசிசி டூல்செட்’ என்று தனிப் பேக்கேஜ்கள் உண்டு. 12, 13 போன்ற புதிய கம்பைலர்களை அவை தரும். சிஸ்டத்தின் பழைய சி++ லைப்ரரியில் இல்லாத பகுதிகளை மட்டும் பைனரிக்குள்ளேயே சேர்த்துவிடும். எனவே புது சி++ எழுதலாம், பைனரி பழைய சிஸ்டத்திலும் ஓடும். பலருக்கு இது தெரியாமலே கம்பைலரைச் சோர்ஸிலிருந்து கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

இது புதிய தந்திரம் எதுவும் இல்லை. பைத்தான் உலகில் பிப் மூலம் இறக்கும் கம்பைல் செய்த பேக்கேஜ்களில் ‘மெனிலினக்ஸ் 2014’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்ஓஎஸ் 7இன் 2.17 ஜிலிப்சியை அடிமட்டமாக வைத்துக் கட்டியது என்பதுதான் அதன் அர்த்தம். ஆதரிக்க வேண்டிய சிஸ்டங்களில் மிகப் பழையது எதுவோ அதில் கட்டு, அவ்வளவுதான்.

தயவுசெய்து செய்யக் கூடாத ஒன்று: உபுண்டுவின் ஜிலிப்சி ஃபைலை ரெட்ஹாட் மெஷினில் கொண்டுபோய் வைப்பது. புரோகிராமை மெமரியில் ஏற்றும் லோடரும் ஜிலிப்சியும் ஒரே பில்டிலிருந்து வந்த ஜோடியாக இருக்க வேண்டும். சிஸ்டத்தின் ஜிலிப்சியை மாற்றினால் எல்எஸ் கமாண்ட் கூட ஓடாது, எஸ்எஸ்எச்சில் மறுபடி நுழையவும் முடியாது.

ஸ்டாட்டிக் லிங்க் செய்தால் (லைப்ரரிகளைப் பைனரிக்குள்ளேயே சேர்த்துவிட்டால்) இந்தத் தொல்லையே இல்லையே என்பது அடுத்து வரும் வாதம். கோ மொழியில் எழுதியிருந்தால் நானும் அதையே சொல்வேன். சி லைப்ரரிகளை இணைக்கும் ‘சிகோ’ வசதியை அணைத்துவிட்டுக் கட்டினால் எந்த லைப்ரரியையும் நம்பாத ஒற்றை ஃபைல் கிடைக்கும். சி++இல் அது அவ்வளவு சுலபமில்லை. ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காகச் சேர்க்கலாம், ஆனால் டொமைன் பெயரை முகவரியாக மாற்றும் ஃபங்ஷன்கள் ஓடும்போது மறுபடி டைனமிக் லைப்ரரிகளை (பைனரிக்கு வெளியே தனி ஃபைலாக இருப்பவை) தேடும், அவையும் கட்டியபோது இருந்த அதே ஜிலிப்சி பதிப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். லிங்கரே எச்சரிக்கை தரும், நாம் அதைப் படிக்காமல் கடந்துவிடுவோம். முழு ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சிக்குப் பதில் உள்ள மசல் லைப்ரரியோடு கட்டுவது நேர்மையான வழி. ஆனால் அங்கே திரெட்டின் ஸ்டாக் அளவு சிறியது, மெமரி ஒதுக்கும் வேகம் வேறு. பாரம் மிகுந்த மல்டிதிரெட் சர்வருக்கு அளந்து பார்க்காமல் மாற வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, டைனமிக்காக லிங்க் செய்திருந்தவர்கள் பேக்கேஜை அப்டேட் செய்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தார்கள். ஸ்டாட்டிக்காகச் சேர்த்தவர்கள் எந்தெந்தப் பைனரிக்குள் அது இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் மறுபடி கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. என் பரிந்துரை: சி++ லைப்ரரியை ஸ்டாட்டிக்காகச் சேருங்கள், ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் ஜிலிப்சியையும் சிஸ்டத்திடமே விடுங்கள்.

லைப்ரரி எல்லாம் பொருந்தியும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று செத்தால் பில்டு ஃபைலில் ‘எம்ஆர்ச் நேட்டிவ்’ என்ற ஆப்ஷன் இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டும் மெஷினின் பிராசஸருக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையையும் பயன்படுத்து என்று கம்பைலரிடம் சொல்வது அது. டெவலப்பரின் மெஷினில் ஏவிஎக்ஸ் 512 என்ற பிராசஸர் வசதி இருந்து சர்வரில் இல்லையென்றால், அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் வரும் இடத்தில் புரோகிராம் விழும். கொடுமை என்னவென்றால், அது ஸ்டார்ட் ஆகும்போது விழாமல், மூன்றாம் நாள் யாரோ ஒரு குறிப்பிட்ட ரிப்போர்ட்டைக் கேட்கும்போது விழலாம். அதற்குப் பதில் எக்ஸ்86-64-வி2, வி3 என்று வரையறுத்த மட்டங்கள் இருக்கின்றன, ஜிசிசி 11இலிருந்து அவற்றை நேரடியாகக் கேட்கலாம். எல்லாச் சர்வரும் தாங்கும் மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் எம்1 மேக் வந்த பிறகு இதன் முரட்டு வடிவம் ஒன்றும் சகஜமாகிவிட்டது: மேக்கில் கட்டிய கண்டெய்னர் ஆர்ம் பிராசஸருக்கானது, இன்டெல் சர்வரில் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ தரும். இது உடனே தெரிந்துவிடுவதால் அவ்வளவு ஆபத்தில்லை.

இனி காப்பி செய்யும் கட்டம். ஓடிக்கொண்டிருக்கும் பைனரியின் மேலேயே காப்பி செய்யப் பார்த்தால் லினக்ஸ் ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்று மறுத்துவிடும், அது நல்லதுதான். ஆனால் ‘.எஸ்ஓ’ லைப்ரரி ஃபைல்களுக்கு இந்தக் காவல் கிடையாது. ஓடும் புரோகிராம் பயன்படுத்திக் கொண்டிருக்கும் லைப்ரரியின் மேலே எழுதினால், அதன் மெமரியில் தெரியும் பக்கங்களே கீழிருந்து மாறிவிடும், புரோகிராம் காரணமே புரியாத இடத்தில் விழும். எப்போதும் புதிய பெயரில் காப்பி செய்து, பிறகு பெயர் மாற்றுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ரீநேம் என்பது ஒரே செயல், பாதியில் நிற்காது. ஏற்கெனவே ஓடும் புரோகிராம் பழைய ஃபைலைப் பிடித்தபடி ஓடும். (‘ப்ராக்’ ஃபோல்டரில் அந்தப் பிராசஸின் ‘எக்ஸி’ இணைப்பைப் பார்த்தால் ‘டெலீட்டட்’ என்று காட்டும். ரீஸ்டார்ட் செய்ய மறந்த மெஷினைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.)

வழக்கமான ஏற்பாடு: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கமிட் எண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டர், நடப்பு வெளியீட்டைக் காட்ட ‘கரன்ட்’ என்ற சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் பெயர்). இங்கே ஒரு சின்ன சூட்சுமம். ‘எல்என் எஸ்எஃப்என்’ கமாண்டால் சிம்லிங்கை மாற்றுவது ஒரே செயல் என்று பலர் நம்புகிறார்கள். பழைய பதிப்புகளில் அது முதலில் அழித்துவிட்டுப் பிறகு உருவாக்கும், நடுவில் ஒரு கணம் சிம்லிங்க் இருக்காது. வேறு பெயரில் சிம்லிங்க் உருவாக்கி, ‘எம்வி’ கமாண்டைப் பெரிய டி ஆப்ஷனோடு கொடுத்து இடம் மாற்றினால் அந்த இடைவெளி இல்லை. பழைய ஃபோல்டர்களில் மூன்று நான்கை அழிக்காமல் வைத்திருங்கள். ரெட்ஹாட்டின் ஆர்பிஎம் பேக்கேஜாகச் செய்தால் இன்னும் ஒழுங்கு, யார் எப்போது எதை நிறுவினார்கள் என்பது பதிவாகும். நான்கு மெஷினுக்கு அது அதிகம் என்று நினைத்தால் டார் ஃபைலும் போதும், ஆனால் எஸ்எச்ஏ256 செக்சம்மை (ஃபைலின் கைரேகை போன்ற எண்) அனுப்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் பார்த்துவிடுங்கள்.

ரெட்ஹாட்டில் காப்பியோடு சேர்ந்து வரும் இரண்டு தலைவலிகள் தனியாகச் சொல்லத் தக்கவை. முதலாவது எஸ்இலினக்ஸ், ஃபைல்களுக்கு அடையாளம் ஒட்டி யார் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு. பைனரியை உங்கள் ஹோம் ஃபோல்டரில் இறக்கி, அங்கிருந்து ‘எம்வி’ கமாண்டால் நகர்த்தினால், ஹோம் ஃபோல்டருக்கான எஸ்இலினக்ஸ் அடையாளத்தோடே அது போய்ச் சேரும். கையால் ஓட்டினால் ஓடும், சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி ஓட்டினால் 203 என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு வரும். பர்மிஷனைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அடையாளத்தைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் கமாண்ட் ஒன்று கொடுத்தால் தீர்ந்தது, எஸ்இலினக்ஸையே அணைக்கத் தேவையில்லை. இரண்டாவது, 443 போன்ற 1024க்குக் கீழான போர்ட்டைத் திறக்க ‘செட்கேப்’ மூலம் கொடுத்திருக்கும் அனுமதி. அது ஃபைலோடு ஒட்டிய ஒரு கூடுதல் பண்பு. எஸ்சிபி, சாதாரண காப்பி, டார் எதிலும் அது கூட வராது. ஒவ்வொரு டெப்ளாய்க்குப் (புதிய பதிப்பை நிறுவுவதற்கு) பிறகும் யாரோ கையால் செட்கேப் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அவர் லீவில் போன அன்று சர்வர் எழாது. சிஸ்டம்டி யூனிட் ஃபைலிலேயே ஆம்பியன்ட் கேபபிலிட்டி என்று எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை அத்தோடு போயிற்று.

டீபக் தகவல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பைனரியைச் சிறிதாக்க ‘ஸ்ட்ரிப்’ செய்து அனுப்பலாம், ஆனால் நீக்கும் தகவலைத் தனி ஃபைலாக எடுத்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புரொடக்‌ஷனில் கோர் டம்ப் (புரோகிராம் விழுந்த கணத்தின் மெமரி நகல்) விழும்போது, அதே கமிட்டை மறுபடி கம்பைல் செய்து பொருத்திப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். கம்பைலர் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் முகவரிகள் நகர்ந்திருக்கும். பைனரிக்குள் இருக்கும் பில்டு ஐடியை வைத்து ஜிடிபி டீபக்கர் சரியான டீபக் ஃபைலைத் தானே எடுத்துக்கொள்ளும்.

நான்கு மெஷின்கள் என்றால் நான்கிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்று யார் பார்ப்பது? இது அற்பக் கேள்வி இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தை அன்று தொடங்கிய ஒரு புதிய திட்டத்துக்காகத் தன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளை மாற்றியிருந்தது. எட்டுச் சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய கோட் போய்ச் சேர்ந்திருந்தது. டெப்ளாய் செய்ததை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை. புதிய கோடுக்கு ஒரு பழைய ஃபிளாகையே (ஒரு வசதியை ஆன் செய்யும் குறி) மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்த ஃபிளாக், 2003க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத ‘பவர் பெக்’ என்ற செத்த கோட் பகுதியை எழுப்பிவிட்டது. எத்தனை பங்கு வாங்கி முடிந்தது என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005இலேயே வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்ததால், அது நிற்காமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 ஆர்டர்கள், 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களாகின. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

அதில் என்னை உறுத்துவது இரண்டு விஷயங்கள். சந்தை திறக்கும் முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லும் 97 மின்னஞ்சல்களை அந்த சிஸ்டம் தானாகவே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை அபாய அறிவிப்பாக யாரும் பார்க்கவில்லை. அடுத்து, பதற்றத்தில் அவர்கள் செய்த ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது): சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். ஃபிளாக் அப்படியே இருந்ததால் அந்த ஏழிலும் செத்த கோட் எழுந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013 அக்டோபரில் விதித்த 1.2 கோடி டாலர் அபராதம் இதன் முன் ஒன்றுமே இல்லை.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இது. பைனரிக்குள் கமிட் எண்ணைப் பதியுங்கள், ஹெல்த் செக் முகவரியில் அதையும் காட்டச் சொல்லுங்கள். டெப்ளாய் ஸ்கிரிப்ட் முடிவில் நான்கு மெஷின்களிடமும் அதைக் கேட்டு, ஒன்று வேறுபட்டாலும் தோல்வி என்று அறிவிக்கட்டும். முதலில் ஒரு மெஷின் மட்டும்: லோடு பேலன்சரிலிருந்து (வரும் ரிக்வெஸ்ட்களை மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புவது) எடுத்து, ஓடும் ரிக்வெஸ்ட்கள் முடியும்வரை காத்திருந்து, மாற்றி, திரும்பச் சேர்த்து, எரர் லாகைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு மற்ற மூன்று. பழைய பதிப்புக்குத் திரும்புவதைப் பிரச்சினை இல்லாத ஒரு நாளில் செய்து பாருங்கள். டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையை நீக்கும் மாற்றத்தையும் அதைப் பயன்படுத்தாத கோடையும் ஒரே வெளியீட்டில் வைத்தால் திரும்பவே முடியாது. கோட் முதலில், நெடுவரிசையை நீக்குவது அடுத்த வெளியீட்டில்.

‘புரொடக்‌ஷனிலும் கண்டெய்னரிலேயே ஓட்டிவிட்டால்?’ என்று யாராவது கேட்பார்கள். ஓட்டலாம். ரெட்ஹாட் 8இல் கண்டெய்னர்களை ஓட்ட டாக்கருக்குப் பதில் போட்மேன் வரும், கமாண்டுகள் ஏறக்குறைய அவையே. ஜிலிப்சியும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும் கண்டெய்னருக்குள்ளேயே போவதால் நீங்கள் கேட்ட பிழை மறைந்துவிடும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டைகளை அடைக்கும் பொறுப்பும் அதோடு உங்கள் தலையில் வந்துவிடும். பிராசஸர் பிரச்சினை அப்படியே இருக்கும், சிஸ்டத்தின் மையமான கர்னலும் ரெட்ஹாட் 8இன் 4.18தான். 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சி உள்ள கண்டெய்னர்கள், 20.10.10க்கு முந்தைய டாக்கர் உள்ள மெஷின்களில் புதிய திரெட் உருவாக்க முடியாமல் விழுந்த கதையும் உண்டு. திரெட் உருவாக்கப் புதிய ஜிலிப்சி கர்னலிடம் கேட்கும் புதிய சிஸ்டம் கால், பழைய டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டிக்கு என்னவென்றே தெரியவில்லை. மிகச் சிறிய கண்டெய்னராகக் கட்டினால் சிஏ சர்டிபிகேட்களும் டைம்சோன் ஃபைல்களும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள், சர்டிபிகேட்கள் இல்லையென்றால் வெளியே போகும் எச்டிடிபிஎஸ் அழைப்புகள் எல்லாம் தோற்கும். அப்புறம், புரொடக்‌ஷன் கன்ஃபிக்கில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாதீர்கள். அந்தப் பெயர் இன்று ஒரு பில்டைக் காட்டும், நாளை வேறொன்றை. சோதித்த கண்டெய்னர் இமேஜின் டைஜெஸ்ட்டை (அதன் செக்சம்) முழுதாக எழுதுங்கள், நான்கு மெஷின்களும் அதையே இழுக்கும்.